பழைய துப்பாக்கியும் புதிய பொறுப்பும்

பங்குத் திருவிழாக் கடைகளிடையே பலூன் சுடும் கடையைக் கண்டு நில்லாத சிறுவர் உண்டோ? அந்த ஆவல் வீட்டிற்குள் வந்து, "எனக்கொரு காற்றுத் துப்பாக்கி வேண்டும்" என்று மகன் கேட்கும்போது பெற்றோராகிய நாம் என்ன செய்வது?

இக்கேள்வி எங்கள் இல்லத்திலும் எழுந்தது. "பறவையைச் சுடவா?" என்று அவன் தாய் கலங்கினாள். அக்கலக்கம் நியாயமானதே. திண்டிவனத்திற்குக் கிழக்கே, மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரியில் ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்து தங்குகின்றன. 2021-ஆம் ஆண்டில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுயிர்களை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதே 2021-இல் அருணாசலப் பிரதேசத்தில், பறவைகளைக் காக்கும் பொருட்டு மக்கள் தாமே முன்வந்து காற்றுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது.

ஆயினும் இக்கருவிக்கு நற்பயனும் உண்டு. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலேதான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே போட்டியில் உலக அளவில் புகழ் பெற்றவர். எனவே, "காகித இலக்கு மட்டுமே, உயிருள்ள எதையும் குறிபார்த்தல் ஆகாது, பெரியவர் உடனின்றித் தொடுதல் கூடாது" என்ற நிபந்தனைகளோடு இசைந்தோம்.

புதியது வாங்கினால் உத்தரவாதம் உண்டு, கவலை குறைவு. விழுப்புரத்தில் அறிந்தவர் ஒருவரிடம் இருந்த பழையதோ அதன் பாதி விலைக்கும் குறைவு. குழல் வளைந்திருக்கிறதா, உள்ளே துரு ஏறியிருக்கிறதா, மடக்கும் மூட்டு ஆடுகிறதா, விசை உறுதியாக நிற்கிறதா என்று பார்த்தோம். குறை ஒன்றே: குண்டு வலுவின்றிச் சென்றது. அதையே வாங்கினோம்.

குழலை மடக்கும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங் சுருங்குகிறது; விசையை அழுத்தினால் அது பிஸ்டனை முன்தள்ள, அழுந்திய காற்று ஈயக் குண்டை உந்துகிறது. பிஸ்டன் முனையிலுள்ள தோல் வாசர் காய்ந்துவிட்டால் காற்று கசியும். ஸ்பிரிங் ஓய்விலும் அழுத்தத்தோடே இருப்பதால், கைகளால் மட்டும் கழற்றினால் பாய்ந்து காயப்படுத்தும். ஆகவே திண்டிவனத்தில் அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரின் பட்டறையில், கிளாம்ப் கொண்டு இறுக்கிப் பிடித்தே கழற்றினோம். காலணி தைக்கும் பெரியவர் புதிய தோல் வாசர் வெட்டித் தந்தார். அதை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினோம். எண்ணெய் மிகுந்தால் அது உள்ளே எரிந்து வெடிக்கும் என்றும், குண்டின்றி வெறுமையாகச் சுட்டால் பிஸ்டன் மோதிச் சிதையும் என்றும் அங்கேதான் மகன் கற்றான்.

அடுத்த ஞாயிறு அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் வேப்பமரத்துப் புறாவைக் காட்டி, "சுடு" என்றான். எங்கள் மகன் குழலைத் தரைநோக்கித் தாழ்த்தி, "இதன் வேகம் எவ்வளவென்று எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னான்.

விலை கொடுத்துக் கருவியை வாங்கிவிடலாம். பொறுப்பை வாங்க இயலாது. பிள்ளைகளோடு அமர்ந்து, கையில் எண்ணெய்க்கறை பட, அதை நாமே உருவாக்க வேண்டும். சிட்டுக்குருவியையும் மறவாத விண்ணகத் தந்தை, அம்முயற்சிக்குத் துணை நிற்பாராக!