இப்பத்தான் கட்டினது

ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் சோறு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். பாராட்டியவர்களுக்குத் தெரியாத பாதியை இங்கே எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு கரையைத் தொட்ட புயல், நகராமல் இங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் காலைக்குள் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி ஆட்களை மீட்டது. நாங்கள், தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், மேட்டில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அடுப்பு மூட்டினோம். ஒருவர் அரிசி மூட்டை கொண்டுவந்தார், ஒருவர் சிலிண்டர்; காய் நறுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள். வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று எழுதுவது என் வேலை.

போன் வந்த வரிசையில் எழுதினேன். போன் செய்தவர்கள் ரெயின்போ நகர் போன்ற இடங்களில் மாடியில் இருந்தவர்கள். என் சொந்தக்காரர்களும் அதில் உண்டு. கீழ்த்தளம் மூழ்கியது உண்மைதான். ஆனால் மாடியில் அடுப்பு எரிந்தது. அவர்களுக்கு வேண்டியது பாலும் செல்போன் சார்ஜும். உப்பனாறு வாய்க்கால் ஓரக் குடிசைகளில் யாரிடமும் என் நம்பர் கிடையாது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அங்கே சோற்றுப்பாடு எப்படி என்பதும் தெரியும். ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போடும் முறை 2015-ல் முதலில் வந்த இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. பிறகு ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கணக்கில் விழும் பணம் அரிசியாக வீடு வந்து சேர்வதற்குள் வட்டிக்காரரும் மருந்துக்கடையும் குறுக்கே வந்துவிடும். 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டித்தான் கடை திறந்து மறுபடி அரிசி போட்டார்கள். அடுத்த மாதமே வெள்ளம்.

சமையல் மாஸ்டர் புளிசாதம் கிண்டலாம், கெடாது என்றார். சாம்பார் சாதம்தான் வயிறு நிறையும் என்று அடம்பிடித்தது நான். ஆறவிடாமல் சூட்டோடு கட்டினோம். மாடி வீடுகளை எல்லாம் சுற்றிவிட்டு வண்டி வாய்க்கால் ஓரம் போனபோது சாயங்காலம். ஒரு பெண் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார்.

"சார், ஊசிப்போச்சே."

"இப்பத்தான் கட்டினதும்மா. பெருங்காய வாசனை அது."

வண்டியை விட்டு இறங்காமலே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவு சரளமாக வந்தது பொய். அவர் சண்டை போடவில்லை. பக்கத்துக் குடிசைக்காரர்கள் வாங்கியதையும் கேட்டு வாங்கி, அடுக்கி, வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் புளிசாதம். வண்டி முதலில் வாய்க்கால் ஓரம் போனது. என் பட்டியலை அடித்து மாற்றி எழுதியவர், காய் நறுக்க வந்த ஓர் அக்கா. நான் எதிர்த்துப் பேசவில்லை; நல்ல யோசனை என்று தலையாட்டியதோடு சரி.

அந்த முதல் நாள் இரவே வாட்ஸ்அப் குழுவில் கணக்குப் போட்டிருந்தேன். திரும்பி வந்து குப்பையில் கொட்டிய பொட்டலங்களையும் 'வழங்கியது' என்ற வரியில்தான் சேர்த்தேன். பிரான்சில் இருந்து பணம் அனுப்பிய எங்களூர்க்காரர்கள் கைகூப்பும் படம் போட்டார்கள். அந்தக் கணக்கை நான் இன்னும் திருத்தவில்லை.