சங்கிலி தேயும் வகை

நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் இரப்பர் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பத்தாங் பெர்சுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டிலேயே என்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார் என்பதை மாணவர் அறிவர். அன்று பால் வாளி சுமந்த மிதிவண்டி மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் பெருகிவிட்ட இந்நாளிலும் நம் பள்ளிக் கொட்டகையில் காலைதோறும் மிதிவண்டிகள் நிற்கின்றன. அவற்றின் சங்கிலியைக் குறித்து யாம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

சென்ற மழைக்காலத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தம்பியைப் பின்னே ஏற்றிக்கொண்டு பெருஞ்சாலையைக் கடக்கையில், எழுந்து நின்று மிதித்தாள். சங்கிலி பல்லைத் தாண்டி வழுக்கிற்று. இருவரும் நடுச்சாலையில் விழுந்தனர். பழக்குலை ஏற்றி வந்த லாரியின் ஓட்டுநர் உடனே நிறுத்தியமையால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அன்று பிற்பகலே கொட்டகையிலிருந்த வண்டிகளை அளந்து பார்த்தோம். தேயாத சங்கிலி மிகச் சிலவே.

"சங்கிலி நீண்டுவிட்டது ஐயா" என்பர் பெற்றோர். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. நூறுக்கு மேற்பட்ட மூட்டுகள் ஒவ்வொன்றிலும் ஊசியும் அதைச் சூழ்ந்த குழலும் மயிரிழை மயிரிழையாகத் தேய்கின்றன; அத்தேய்வெல்லாம் சேர்ந்தே நீளமாகத் தோன்றுகிறது. ஆன்ஸ் ரெனால்டு என்பார் 1880-இல் மான்செஸ்டர் நகரில் இவ்வுருளைச் சங்கிலியை அமைத்தார். நம் வண்டிகளில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அதற்குமேல் வீசம், அதாவது 1/16 அங்குலம், கூடிவிட்டால் சங்கிலியை மாற்றுக. அரைக்கால் அங்குலம் கூடும்வரை காத்திருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்துபோகும். புதுச் சங்கிலி அவற்றில் பொருந்தாது துள்ளும். செலவு மும்மடங்காகும். (வீசம், அரைக்கால் வாய்பாடெல்லாம் எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் கவனிக்க!)

மேல்நாடுகளில் இருவர் முன்னும் பின்னும் அமர்ந்து மிதிக்கும் வண்டி உண்டு. பெரும்பாலும் இடப்புறச் சங்கிலி முன்னவரின் மிதியைப் பின்னவரின் மிதியோடு இணைக்கும். பின்னர் இருவர் வலிமையையும் வலப்புறச் சங்கிலி ஒன்றே தாங்குவதால் அது விரைவில் தேயும். நம் பிள்ளைகளோ ஒருவர் மிதிக்க இருவர் செல்கின்றனர். அதுவும் எழுந்து நின்று!

சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, உருளைக்கு ஒரு சொட்டு வீதம் இயந்திர எண்ணெய் விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியே வழியும் எண்ணெய் செம்மண் புழுதியைப் பற்றிக்கொண்டு சாணைபோல் அரைக்கும். ஆலை அருகிலிருப்பதாலோ என்னவோ, சமையல் எண்ணெயை ஊற்றுவோரும் உளர். அது காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும். உரமூட்டை ஏற்றிய வண்டியை அன்றே கழுவித் துடைக்க வேண்டும், உரத்தின் உப்பு இரும்பை அரிக்கும்.

இணைப்புக் கண்ணியின் கவ்வியை மாட்டும்போது அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கட்டும். மிதியைப் பின்னோக்கி அழுத்தி நிறுத்தும் வண்டிகளில் சங்கிலி கழன்றால் அந்தத் தடையும் போய்விடும் என்பதைப் பெற்றோர் மறவாதிருக்க வேண்டும்.

அலுவலறையில் எஃகு அளவுகோல் ஒன்று வைத்துள்ளோம். பள்ளி விட்டதும் வண்டியோடு வரலாம்.