பேர் வெட்டிய குடம்

நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம், அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தபோது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. நாதாங்கியை மாட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு அம்மா கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். இருந்த ஒரே பூட்டு டிரங்குப் பெட்டிக்கு. அதற்குள் நகை கிடையாது. பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. இலங்கைத் தோட்டத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்குக்கு வந்த 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே வேலைக்கும் வீட்டுக்கும் அந்தக் காகிதம்தான் ஆதாரம். "காசு போனா சம்பாதிக்கலாம். கார்டு போனா நாம யாருன்னு யாரு சொல்றது?" என்பாள் அப்பாயி.

காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் திரும்பும்வரை லயத்துக்கு அப்பாயிதான் காவல். வாசல்படியில் உட்கார்ந்து மிளகு உருவிக்கொண்டிருப்பாள். சம்பளம் போட்ட மறுநாள் புடவை மூட்டைக்காரரும் வட்டிக்காரரும் வருவார்கள். தெரியாத முகமாக இருந்தால், "யாரு வீட்டுக்கு? எந்தத் தோட்டம்? யாரு அனுப்புனா?" என்று அடுக்குவாள். பதில் சொல்லத் திணறியவன் அதோடு இறங்கிவிடுவான். வந்தவன் எந்தப் பாதையில் போகிறான் என்று பார்த்துவர எங்களை அனுப்புவாள்.

ராத்திரிக் காவல் சுவருக்கு. வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் கூரைவரை எட்டாது. முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் சுக்குக் காப்பி கொதிக்கும். சத்தம் கேட்டால் அம்மிக் குழவியால் சுவரைத் தட்ட வேண்டும். கேட்டவர் அடுத்த சுவரைத் தட்டுவார். விட்டுவிட்டுத் தட்டினால் திருடன், விடாமல் தட்டினால் யானை. திருடன் என்றால் எல்லாரும் வெளியே ஓடி வர வேண்டும். யானை என்றால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உள்ளே கிடக்க வேண்டும். அரிசி வாசத்துக்குச் சுவரையே தள்ளுகிற திருடனிடம் வேறென்ன செய்வது?

ஆடி மழையில் ஒரு விடியற்காலை, குழாயடியில் வைத்த எங்கள் பித்தளைக் குடம் காணாமல் போனது. சிலோனிலிருந்து கொண்டுவந்தது. அதன் கழுத்தில் தாத்தாவின் பேரும் அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பேரும் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தன. அப்பா நேரே பஜாருக்குப் போய்ப் பழைய பாத்திரம் வாங்குகிற கடைகளில் பேரைச் சொல்லிவிட்டு வந்தார். சில நாள் கழித்துக் குடம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தது. எடுத்தவன் பேரைச் சுரண்டிப் பார்த்திருக்கிறான். முதல் எழுத்து மட்டும் போயிருந்தது. அந்தத் தீபாவளி போனஸில் லயமே பாத்திரக் கடையில் நின்று பேர் வெட்டிக்கொண்டது.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவள் அக்கா. பள்ளி விட்டு அரைமணி பிந்தினாலும், யாரோடு பேசிக்கொண்டு வந்தாள் என்ற சேதி அவளுக்கு முன்னால் வீடு வந்துவிடும். திருடனைப் பார்க்கிற அதே கண்கள்தானே! "களவு போகாம இருந்துச்சு சரி. எனக்குன்னு ஒரு ரகசியமும் இல்லாமப் போச்சே" என்று இன்றும் சடைத்துக்கொள்வாள்.

பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட, இப்போது லயங்களில் பாதி வீடு காலி. ஆளில்லாத வீட்டுக்குச் சுவரைத் தட்டி என்ன பயன்? 2017 ஏப்ரலில், முன்னாள் முதல்வர் ஒருவர் தங்கிவந்த கோடநாடு எஸ்டேட்டில் காவலாளியைக் கொன்றுவிட்டு ஒரு கும்பல் பங்களாவுக்குள் புகுந்தபோது, அத்தனை பெரிய இடத்துக்கே இந்தக் கதியா என்று மலையெங்கும் பேச்சு. அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் கேமரா.

அக்கா இப்போது குன்னூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். வாசலில் காவலாளி, படிக்கட்டில் கேமரா எல்லாம் உண்டு. இருந்தும் ஊருக்குக் கிளம்பினால் சாவியை எதிர்வீட்டு அம்மாவிடம்தான் கொடுக்கிறாள். "எங்க போறேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்பாள்.