பள்ளிப்பட்டில் ஒரு ஹெரால்டு

பள்ளிப்பட்டில் விசைத்தறிச் சத்தம் எட்டாத இடமாகப் பார்த்துக் கார் பெயின்ட் ஷெட் போட்டிருக்கிறார் மேஸ்திரி. சத்தத்துக்குப் பயந்து இல்லை, பஞ்சுக்குப் பயந்து. "ஈரப் பெயின்ட் மேல ஒரு நூலு வந்து உக்காந்தாப் போதும் சார், மொத்த டோரையும் திரும்பத் தேய்க்கணும்" என்கிறார். உதவிக்கு நிற்கும் பையனை அதட்டுவது மட்டும் தெலுங்கில். ஆந்திர எல்லை அவ்வளவு பக்கம்.

உள்ளே இருப்பது 1966-ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சேசிஸ் ஸ்டாண்டுகள் மேல் ஏறியிருக்கிறது. பானெட் சுவரில் சாய்ந்திருக்கிறது. கதவு இரண்டும் பழைய போர்வைமேல் கிடக்கின்றன. இப்படிப் பிரித்துப்போட முடிவது இந்த வண்டியின் பிறவிக் குணம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிக்கொண்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லாமல், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி வரைந்த அந்த வண்டி அங்கே 1959-ல் வெளிவந்தது. 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு ஆலையிலிருந்தும் வரத் தொடங்கியது.

போல்ட் போட்ட பாடி என்றால் டிங்கருக்குச் சுலபம்தானே என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்தார். ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். அதன் விளிம்புக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள கேப் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வரவேண்டும். எங்கோ ஒரு போல்ட்டில் வாஷர் ஒன்று கூடினால் இன்னோர் இடத்தில் இடிக்கும். அதனால் பெயின்டுக்கு முன்பே எல்லாவற்றையும் மாட்டி, கேப் பார்த்து, எந்த போல்ட்டுக்கு எத்தனை வாஷர் என்று சேசிஸிலேயே சாக்பீஸால் எழுதி, மறுபடி கழற்றியிருக்கிறார். பெயின்ட் அடித்தபின் கேப் சரி செய்யப் போனால் விளிம்பெல்லாம் உரிந்துவிடும்.

பழைய பெயின்டைச் சுரண்டியதில் ஒரு கதவின் அடியில் விரல் தடிமனுக்குப் பட்டி இருந்ததாம். துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே அப்பியிருக்கிறார்கள். உள்ளே இருந்த துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டே போயிருக்கிறது. இப்போது அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலதுபக்கக் கதவில் வேலை நடந்தது. பிரைமர் காய்ந்த சாம்பல் நிறக் கதவு. கறுப்புப் பெயின்டைத் தின்னரில் நீர்க்கக் கலந்து, அதன்மேல் எட்ட நின்று லேசாகத் தூவினார். பையன் மரக்கட்டையில் வாட்டர் பேப்பர் சுற்றி, தண்ணீர் விட்டுக் குறுக்காகத் தேய்த்தான். மேட்டிலிருந்த கறுப்பெல்லாம் போய்ச் சாம்பல் திரும்பியது. பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கியது. கைப்பிடிக்குக் கீழே நாலணா அகலத்துக்கு ஒரு கறை. தடவிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மேஸ்திரி உள்ளங்கையை வைத்து, "கீது சார், வெயில்ல நிறுத்தினா ஊருக்கே தெரியும்" என்றார். மறுபடி அங்கே பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி கறுப்பு. கூலியில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. கடைசியில் மூடி மறைக்கப்போகிற வேலை.

அவர் தொழில் கற்றது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டில். மெல்லிய கோட்டாகப் பலமுறை அடித்து, காய்ந்ததும் காம்பவுண்டு போட்டுக் கையால் தேய்த்து மினுக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளை பூத்துவிடும். இப்போது ஹார்டனர் கலக்கும் பியூ (பாலியூரிதேன்) பெயின்ட். அடித்த கையோடு பளபளக்கும், வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பையன் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். துண்டு தூசியை நிறுத்தும், அந்த ஆவியை நிறுத்தாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். காருக்கு இவ்வளவு செலவழிக்கிற உரிமையாளர்கள் அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

உரிமையாளர் சென்னைக்காரர். மெட்டாலிக் கலர் கேட்கிறார். மேஸ்திரி டாஷ்போர்டுக்கு அடியில் வெயிலே படாத ஒரு மூலையைக் காட்டினார். வெளிறாத இளநீலம் அங்கே அப்படியே இருந்தது. அதைத்தான் அடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். 2021 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 வருடம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். கண்ணாடி மாதிரி மினுக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

பம்பர் இரும்பு. பழைய பூச்சை உரித்து, செம்பு, நிக்கல், குரோமியம் என்று வரிசையாக ஏற்றினால் புதுசாகிவிடும். நாம் குரோம் என்று ரசிக்கும் பளபளப்பில் பெரும்பகுதி அடியிலிருக்கும் நிக்கலுடையது. மேலே உள்ள குரோமியம் மகா மெல்லிசு. வம்பு பண்ணுவது பானெட்டில் பதிக்கும் எழுத்துகள். அவை துத்தநாகக் கலவை வார்ப்பு. பூச்சின் நுண்துளை வழியே ஈரம் இறங்கி, அடி உலோகம் பொங்கி, மேலெல்லாம் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தது. குழி போகிறவரை பஃபிங் பிடித்தால் எழுத்தின் கூர் மழுங்கிவிடும். அமிலத்தில் கொஞ்சம் அதிகம் ஊறினால் எழுத்தே கரையும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே உரிமையாளர் போனில் வந்தார். எழுத்தையும் பிளேட்டிங்குக்கு அனுப்பச் சொன்னார் போலிருக்கிறது. "பம்பர அனுப்பறேன் சார். எழுத்து வாணாம், தொடச்சுப் போட்டுக்கலாம். பழசுன்னு சொல்லித்தான வாங்கினீங்க?" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி திரும்பக் கதவைத் தடவப் போய்விட்டார்.