ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தாரா? தூக்கிக் கொடுத்தார்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"ஹிட்லர் எப்படி ஆட்சிக்கு வந்தார்?" என்று யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, புரட்சி பண்ணிப் பிடிச்சார். இன்னொன்று, ஜெர்மன் மக்கள் பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தாங்க.

இரண்டுமே தப்பு.

எண்களைப் பாருங்க.

1928 தேர்தல்: நாஜி கட்சிக்கு 2.6% ஓட்டு. வெறும் 12 இடங்கள். அடுத்த வருஷம் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ஜெர்மனியில் வேலை இல்லாதவர்கள் 60 லட்சம் வரை போனார்கள்.

1930: 18.3%.
1932 ஜூலை: 37.3%. நாடாளுமன்றத்தில் தனிப்பெரும் கட்சி.
1932 நவம்பர்: 33.1%.

கவனிச்சீங்களா? கடைசியில் இறங்குமுகம். ஜுரம் குறைய ஆரம்பித்த நேரம் அது!

அந்த நேரத்தில்தான், 1933 ஜனவரி 30 அன்று, அதிபர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமிக்கிறார். ஏற்பாடு செய்தது ஃபான் பாப்பன் போன்ற பழமைவாதத் தலைவர்கள். ஹிட்லரையும் சேர்த்து அமைச்சரவையில் நாஜிகள் மூன்றே பேர். "கூட்டம் அவர்கிட்ட இருக்கு, கடிவாளம் நம்மகிட்ட இருக்கும்" என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இத்தாலியில் இதே கதை பத்து வருஷத்துக்கு முன்பே நடந்திருந்தது. 1922 அக்டோபரில் முசோலினியின் கருஞ்சட்டைப் படை ரோம் நோக்கிக் கிளம்பியது. ராணுவச் சட்டத்தைக் கொண்டுவரும் ஆணையை அரசு தயாரித்தது. மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதில் கையெழுத்துப் போடவில்லை. முசோலினியை ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். அவரும் மிலானில் ரயில் ஏறி ரோமில் வந்து இறங்கினார். அவ்வளவுதான்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். அதற்குப் பிறகு எவ்வளவு வேகம் பாருங்க.

பிப்ரவரி 27: நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்து எரிகிறது.
பிப்ரவரி 28: அவசர ஆணை. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் எல்லாம் நிறுத்தம்.
மார்ச் 5: மறுபடி தேர்தல். இவ்வளவு மிரட்டலுக்குப் பிறகும் நாஜிகளுக்கு 43.9%தான். அப்போதும் தனிப் பெரும்பான்மை இல்லை!
மார்ச் 23: நாடாளுமன்றம் இல்லாமலேயே அமைச்சரவை சட்டம் போடலாம் என்ற மசோதா. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்து ஓட்டுப் போட்டது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள்.
ஜூலை 14: நாட்டில் ஒரே கட்சிதான் இருக்கலாம் என்று சட்டம்.

முழுசாக ஆறு மாசம்கூட ஆகவில்லை.

இதுவரை சொன்னது பள்ளிப் பாடத்திலும் இருக்கும். ஒரு மருத்துவராக நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அதே ஜூலை 14 அன்று அதே அமைச்சரவை இன்னொரு சட்டமும் போட்டது. பரம்பரை நோய் உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. அந்தப் பட்டியலில் மனச்சிதைவு இருந்தது. பிறவிக் காது கேளாமை, பார்வையின்மை இருந்தன. வலிப்பு நோயும் இருந்தது.

வலிப்பு நோய்! இன்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற எத்தனை பேர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்?

யாருக்குக் கருத்தடை என்று முடிவு செய்ய ஒரு தனி நீதிமன்றம். அதில் மூன்று பேர். ஒருவர் நீதிபதி. மற்ற இருவரும் டாக்டர்கள். நோயாளியைப் பற்றி அரசுக்குத் தகவல் கொடுத்தவர்களும் டாக்டர்கள்தான். கத்தி பிடித்ததும் டாக்டர்கள்தான். நாஜி ஆட்சி முடிவதற்குள் சுமார் 4 லட்சம் பேருக்கு இது நடந்தது.

"பாவம், பயத்தில் செஞ்சிருப்பாங்க" என்று நினைக்கிறீர்களா?

ஜெர்மன் மருத்துவர்களில் ஏறக்குறைய 45% பேர் நாஜி கட்சியில் சேர்ந்தார்கள். படித்தவர்கள் செய்யும் மற்ற தொழில்களோடு ஒப்பிட்டால் இது ரொம்ப அதிகம். டாக்டர் தொழில் பார்க்கக் கட்சி அட்டை கட்டாயமில்லை. 1933 ஏப்ரலிலேயே யூத மருத்துவர்களைக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து வெளியேற்ற ஆரம்பித்தார்கள். காலியான இடம் யாருக்குப் போனது? வேலையில்லாமல் காத்திருந்த மற்ற மருத்துவர்களுக்கு. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த சக டாக்டர் திடீரென்று காணாமல் போகிறார், நமக்கு நோயாளிகள் கூடுகிறார்கள். யாராவது கேள்வி கேட்பார்களா?

அடுத்த படி 1939-ல். மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களைப் பற்றிய படிவங்கள் பெர்லினுக்குப் போகும். டாக்டர்கள் நோயாளியை நேரில் பார்க்காமலே அதில் குறி போடுவார்கள். சிவப்பில் கூட்டல் குறி என்றால் மரணம். நீலத்தில் கழித்தல் குறி என்றால் உயிர். 1941 ஆகஸ்டுக்குள் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் விஷவாயுவில் கொல்லப்பட்டார்கள். குடும்பத்துக்குப் பொய்யான காரணம் எழுதிய இறப்புச் சான்றிதழ் போனது. அங்கே தொழில் பழகிய ஆட்களில் பலர்தான் பிறகு போலந்தில் யூதர்களைக் கொன்ற முகாம்களை நடத்தினார்கள்.

போர் முடிந்து நியூரம்பெர்க்கில் வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் 23 பேர். அதில் 20 பேர் மருத்துவர்கள். 1947-ல் வந்த அந்தத் தீர்ப்பில்தான், மனிதர்கள் மேல் நடக்கும் எந்த ஆராய்ச்சிக்கும் அவர்களுடைய சுயவிருப்பச் சம்மதம் முதல் நிபந்தனை என்று எழுதி வைத்தார்கள். புது மருந்து சோதனைக்கு உங்களிடம் கையெழுத்து கேட்கிறார்கள் என்றால், அந்தத் தாளுக்குப் பின்னால் இந்த மரணங்கள் இருக்கின்றன. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக ஒன்று.

நாஜிகள் யூதர்களைக் கிருமி என்றார்கள், ஒட்டுண்ணி என்றார்கள். நாட்டை ஒரு உடம்பு என்றார்கள். மருத்துவப் புத்தகத்தில் இருந்து எடுத்த வார்த்தைகள் இவை. எங்கள் தொழிலில் கிருமிக்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. அழிப்பது.

அதனால் மனிதர்களில் ஒரு கூட்டத்தை யாராவது "நோய்", "கிருமி" என்று பேசினால், பேசுபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், வெள்ளைக் கோட்டே போட்டிருந்தாலும், அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள். சிவப்புக் குறி போடும் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.