கிடாவைப் பொறுக்கினால் மந்தை தேறும்

திருப்போரூர், மானாம்பதி வட்டாரத்தில் அறுவடை முடிந்த வயலிலும் ஏரி உள்வாயிலும் மேய்பவை சென்னைச் சிவப்புச் செம்மறிகள். நிறம் செம்பழுப்பு, கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. உடம்பில் கம்பளி கிடையாது, முடிதான். அதனால் கத்தரிக்கும் வேலையே இல்லை. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் ஐயோலோ ஓவன் என்ற பண்ணையாளர் 1960களில் தொடங்கிப் பல்லாண்டு கலப்புச் செய்து, கம்பளியைத் தானே உதிர்க்கும் ‘ஈஸிகேர்’ ஆட்டை உருவாக்கினார். அவர் தேடிய குணம் இங்கே முன்பே இருக்கிறது. இதைத் தேய விடாமல் காப்பதுதான் நம் வேலை என்பது மந்தைகளையும் மேய்ப்பவர்களையும் பார்த்தபின் நான் வந்தடைந்த முடிவு.

தேய்மானம் விற்பனையில் தொடங்குகிறது. பட்டிக்கு வரும் வியாபாரி குட்டியின் முதுகை அழுத்திப் பார்த்து, சதைப்பிடிப்பான கிடாக்குட்டியைத்தான் முதலில் பிடிக்கிறார். கைச்செலவுக்குப் பணம் வேண்டியவர் மறுக்க முடியாது. கடைசியில் மிஞ்சும் சவலைக்குட்டியே பொலிகிடா ஆகிவிட்டால், அடுத்த ஈற்றுக் குட்டிகள் அத்தனைக்கும் பாதி இரத்தம் அதனுடையது. இதற்கு மாற்றாகத்தான் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மேய்ப்பவர்களின் மந்தையிலேயே குட்டிகளை எடைபோட்டு, ஆறு மாத எடை பார்த்துக் கிடா தேர்கிறார்கள். இந்த முறை சரி என்பேன். கொட்டிலில் ஏறிய எடை தீவனத்தின் பெருமையாகவும் இருக்கலாம். மேய்ச்சலில் ஏறிய எடையில் கிடாவின் தரம் தெரியும்.

வளர்ந்த கிடா சுமார் 35 கிலோ, பெட்டை 23 கிலோ. உயரமான நெல்லூர்க் கிடாவைச் சேர்த்தால் கறி கூடுமே என்பார்கள். கூடும். ஆனால் பெரிய உடம்புக்குத் தீனியும் கூட வேண்டும். சித்திரை வைகாசியில் தாள் காய்ந்து, வேலிக்காத்தான் நெற்றைப் பொறுக்கித் தின்னும் நாளில், விலைக்கு வாங்கும் தீவனம் அந்தக் கூடுதல் கறியைத் தின்றுவிடும். தீனி வாங்காமல் ஒரு பெட்டை எத்தனை குட்டியைத் தேற்றுகிறது என்பதே மேய்ப்பவரின் கணக்கு. இனம் உறுதியானதென்று கவனிக்காமல் விடலாம் என்பதும் இல்லை. ஐப்பசி மழையோடு நீலநாக்கும் குடற்புழுவும் வரும்; ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி தப்பக்கூடாது. மேய்ப்பவர் ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்கிறார். வெளுத்திருந்தால் பெரும்பாலும் புழு. அதே மேய்ச்சலில் இமை சிவப்பாகவே இருக்கும் தாயின் குட்டியைக் கிடாவுக்கு நிறுத்தினால், இந்தப் பார்வையே இனத்தேர்வும் ஆகிவிடும்.

மேய்ச்சல் நிலமே மனைப்பிரிவாகும்போது இனத்தைக் காத்து என்ன பயன் என்ற கேள்விதான் வலுவானது. சிறுசேரி சிப்காட் வந்தபின் இந்தப் பக்கம் நிலத்தின் விலை ஆட்டுக்கு எட்டாதது. கொட்டிலில் அடைத்து வளர்த்தால் சிறிய உடம்பு நட்டமாகவே தெரியும். செலவில்லாத ஆடு என்ற பெயர் பொது மேய்ச்சலால் வந்தது. ஆகவே நல்ல கிடா கொடுத்தால் மட்டும் போதாது. கிடா போகும் ஊரில் மேய்க்கால் புறம்போக்கை அளந்து, கல் நட்டு, ஆக்கிரமிப்பு அகற்றுவதையும் கிடா வழங்கும் திட்டத்தின் செலவாகவே எழுத வேண்டும்.