அண்ணனின் 212 பேர்

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எங்க அண்ணனைக் கிண்டல் செய்யக் கூடாது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா சீட்டு எடுத்த பணத்தில் படிப்புக்காக அவனுக்குப் போன் வாங்கிக் கொடுத்தாங்க. அவன் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தான் விளையாடுற துப்பாக்கி கேமை ஒரு ஆப்பில் நேரடியாகக் காட்டுவான். கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசிக்கிட்டே விளையாடணும். முதலில் பதினொரு பேர்தான் பார்த்தாங்க. அதில் ஒருத்தி நான்தான், அம்மா போனில்! இதை இன்னிக்கு வரைக்கும் அவன்கிட்ட சொன்னதில்லை.

எட்டு மாசத்தில் 212 பேர் சேர்ந்தாங்க. திடீர்னு ஒருநாள், இந்த ஆப்பை நிறுத்தப் போகிறோம்னு அறிவிப்பு வந்தது. அந்தத் தேதிக்கு அப்புறம் திறந்தா வெறும் வெள்ளைத் திரை. எட்டு மாச வீடியோவும் போச்சு, 212 பேரும் போயிட்டாங்க. அந்த வருஷம் கணக்கிலும் பெயில் ஆயிட்டான். அப்பா திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

இவ்வளவு பேர் பார்க்கிற ஆப்பை ஏன் மூடுறாங்க? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன், நானும் தேடிப் படித்தேன். மூடினது சின்னக் கம்பெனிகள் மட்டும் இல்லைன்னு அப்போதான் தெரிந்தது.

அமெரிக்காவில் 2011-ல் ட்விட்ச் தொடங்கியது. 2014-ல் அமேசான் அதை 97 கோடி டாலருக்கு வாங்கியது. அதோடு போட்டி போட மைக்ரோசாப்ட் கம்பெனி மிக்சர் என்று ஒன்றை நடத்தியது. 2019 ஆகஸ்டில் நிஞ்சா என்ற பேர் பெற்ற ஆட்டக்காரரை ட்விட்சிலிருந்து தன் பக்கம் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஆனால் பார்க்கிற கூட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. 2020 ஜூலை 22-ல் மிக்சரை மூடிட்டாங்க. அங்கே இருந்தவர்களைப் பேஸ்புக் கேமிங் பக்கம் போகச் சொன்னாங்க. பேஸ்புக் கேமிங்குக்கு என்று தனியா இருந்த ஆப்பும் 2022 அக்டோபரில் நின்னு போச்சு. யூடியூபே கேமுக்குத் தனியா நடத்தின ஆப்பை 2019-ல் நிறுத்திடுச்சு.

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுறார். "இதுல என்னம்மா அதிசயம்? ஆள் நிக்கிற இடத்துக்குத்தான் ஆட்டோ வரும். ஆட்டோ வர்ற இடத்துலதான் ஆள் நிப்பாங்க. நாலு டிரைவருக்குக் காசு கொடுத்துப் புது ஸ்டாண்டு போட்டா மட்டும் சவாரி வந்துடுமா?" என்றார். எனக்கு உடனே புரிந்தது.

இன்னொரு காரணம் செலவு. டி.வி. டவர் ஒரு தடவை அனுப்பினால் எத்தனை வீட்டிலும் பார்க்கலாம். இதில் அப்படி இல்லை. ஒவ்வொருத்தர் போனுக்கும் வீடியோவைத் தனித்தனியா அனுப்பணும். ஆள் கூடக் கூடச் செலவும் கூடும். விளம்பரக் காசு அதே அளவுக்கு வரணுமே! தென்கொரியாவில் நெட்வொர்க் கட்டணம் மற்ற நாடுகளைவிட ரொம்ப அதிகம்னு சொல்லி, ட்விட்சே 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டு வெளியேறியது.

நம் நாட்டில் மூன்றாவது காரணமும் உண்டு. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது. அதற்குப் பதிலா 2021-ல் வந்த பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் நின்று, 2023 மே மாசம்தான் திரும்பி வந்தது. ஆட்டமே நின்னா அதைக் காட்டுறவங்க கதி என்ன? முதலில் வினாடி வினா ஆப்பாக இருந்து கேம் காட்டும் இடமாக மாறிய மும்பை லோகோவும் 2024-ல் வேறு கம்பெனி கைக்குப் போனது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்போ நான் நல்லா விளையாடாததால இல்லையா?" என்று கேட்டான். இத்தனை நாளும் அவன் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் துணைத் தேர்வு எழுதிப் பாஸ் ஆகி, ஐ.டி.ஐ. முடித்து, இப்போ அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யூடியூபில் விளையாடிக் காட்டுறான். 2024 நவம்பரில் நம் பட்டாபிராமில் திறந்த 21 மாடி டைடல் பார்க் எங்க மொட்டை மாடியிலிருந்து விளக்கோடு தெரியும். "அது மாதிரி கட்டடத்துலதான் இந்த ஆப்பெல்லாம் செய்வாங்க, நீ படிச்சுப் போ" என்று என்னிடம் சொல்றான். ஒவ்வொரு வீடியோவையும் மெமரி கார்டில் ஒரு காப்பி வெச்சுக்கிறான்.

தோழிகளே, அடுத்தவர் இடத்தில் கடை போடலாம், தப்பில்லை. ஆனால் நம்ம சரக்குக்கு ஒரு காப்பி நம்ம கையில் இருக்கணும். படிப்பையும் விட்டுவிடக் கூடாது. இந்தத் தாளையும் அடுத்த மாசம் கழற்றிப் புதுசு ஒட்டுவாங்க இல்லையா? அதனால் நான் இதை என் ரஃப் நோட்டிலும் எழுதி வெச்சிருக்கேன்.



ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி